எண்ணூரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் ஜன்னல் வழியே புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள், இங்கே புதிதாக வாடகைக்கு வருபவர்கள், கல்லூரி ஆய்வுக்காக வரும் பிள்ளைகள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எண்ணூர் என்றால் செய்தியில் வருவது சாம்பல், எண்ணெய், வாயுக் கசிவு. அந்தச் செய்திகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக ஒரு ஊர் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஊரைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

எண்ணூர் எங்கே இருக்கிறது? அது தனி ஊரா, சென்னையின் ஒரு பகுதியா?

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தில், நகரின் மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கிழக்கே வங்கக்கடல். மேற்கிலும் வடக்கிலும் கொசஸ்தலை ஆறு. அந்த ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும் இங்கேதான். பக்கிங்காம் கால்வாயும் இதே நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு பழவேற்காடு பக்கம் போகிறது.

கத்திவாக்கம் நகராட்சி என்ற பெயரில் தனியாக இருந்த பகுதி இது. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவடைந்தபோது அதோடு சேர்ந்தது. இப்போது முதல் மண்டலமான திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே யாரிடமாவது எந்த ஊர் என்று கேட்டால் வார்டு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், பெரியகுப்பம், சின்னகுப்பம், முகத்துவாரகுப்பம், காட்டுக்குப்பம், சிவன்படை வீதி குப்பம் என்று குப்பத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

மீன், உப்பு, படகுப் போக்குவரத்து. இந்த மூன்றும் ஒரே தண்ணீரை நம்பி இருந்தன.

கடற்கரைக் குப்பங்கள் கட்டுமரத்தில் கடலுக்குப் போயின. ஆற்றங்கரைக் குப்பங்கள் இறாலும் நண்டும் மடவையும் பிடித்தன. அத்திப்பட்டு, வள்ளூர் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். வேலைக்கு வந்து உப்பு வாரியவர்களில் தலித் மக்களும் சுற்றுப்புறக் கிராமத்தாரும் அதிகம். உப்பு ஏற்றிய படகுகள் கால்வாய் வழியாகவே பட்டணம் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கால்வாய்க்கே எண்ணூர்தான் தொடக்கம் என்று சொல்லலாம். 1806-ல் மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் அதன் முதல் பகுதி. காக்ரேன் என்பவர் தனியாராக வெட்டியதால் அவர் பெயரிலேயே காக்ரேன் கால்வாய் என்று வழங்கியது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், நிவாரண வேலையாக மதராஸ் நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. பசியில் வாடியவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் அது. பின்னாளில் அதே கால்வாயில் என்னவெல்லாம் ஓடின என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் ஓய்வெடுக்கும் இடம். கடற்காற்றுக்கும் படகுச் சவாரிக்கும் பட்டணத்திலிருந்து வந்து போவார்கள். இன்றைக்கு இதைச் சொன்னால் இளம்பிள்ளைகள் நம்புவதில்லை.

முதலில் வந்த பெரிய தொழிற்சாலை எது? ஏன் எல்லோரும் எண்ணூரைத் தேடி வந்தார்கள்?

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இங்கே தொழிற்சாலை அமைத்து ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டு தெற்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பிறகு வார்ப்படத் தொழிற்சாலை, உரத் தொழிற்சாலை. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். ஐந்து அலகுகள் சேர்ந்து 450 மெகாவாட். ஆற்றுக்கு வடக்கே, அத்திப்பட்டு பக்கம், 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-ல் எண்ணூர் துறைமுகம். 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் வைத்தார்கள். 2012 முதல் வள்ளூரில் 1,500 மெகாவாட் மின்நிலையம். பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம்.

காரணம் எளிது. ரயில் தடம் இருந்தது. சென்னைத் துறைமுகம் பக்கம். மின்நிலையத்தைக் குளிர்விக்க உப்புத்தண்ணீர் இருந்தது. கழிவை விடவும் அதே தண்ணீர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றுப் பரப்பும் உப்பளமும் சேற்று நிலமும் அரசுக் கணக்கில் புறம்போக்கு. பட்டாதாரர் இல்லாத நிலம் என்றால் யாரும் பயன்படுத்தாத நிலம் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே வலை வீசியவனுக்கும் நண்டு பிடித்தவளுக்கும் பத்திரம் கிடையாது. எண்ணூரின் துயரக் கதையில் பாதி இந்த ஒரு வருவாய்த்துறைக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

வேலை கிடைத்ததா?

கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது. ஐம்பது, அறுபது, எழுபதுகளில் நிரந்தர வேலை கிடைத்த குடும்பங்கள் மாடி வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆந்திரத்திலிருந்து வந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களும் வந்தார்கள். பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு இங்கே உண்டு. கம்பெனிச் சங்கு ஊதினால் சோறு வடிக்கும் நேரம் என்று வீட்டில் தெரியும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு வரும் சைக்கிள்களுக்காகத் தேநீர்க் கடைகள் காத்திருந்தன. தொழிற்சங்கக் கூட்டம், மே தினக் கொடியேற்றம், ஆயுத பூஜைக்குப் பொரி கடலையோடு வீடு திரும்பும் அப்பா என்று ஒரு தலைமுறைக்கே இங்கே இனிய நினைவுகள் உண்டு.

ஆனால் அந்த நிரந்தர வேலைகளில் மீனவக் குப்பங்களுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். பின்னால் வந்த நிலையங்களில் பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. சாம்பல் அள்ள, நிலக்கரி கொட்ட, பைப் மாற்ற. அந்த வேலைக்கும் இப்போது பீகார், ஒடிசா, வங்கத்துப் பையன்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்களும் ஒரு ஆற்றையோ வயலையோ விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

ஆற்றில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாமா?

முடியாது. இங்கே "பாடு" என்ற முறை உண்டு, பழவேற்காட்டிலும் இதுதான். எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர்கள், எந்தக் குழு வலை கட்டுவது என்று முறை வைத்திருப்பார்கள். நல்ல இடம் இன்று உனக்கு என்றால் நாளை எனக்கு. இறால் அள்ளிக் கொடுக்கும் இடத்தை ஒரே ஆள் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து உட்காரும். எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லாமல், ஒரு ஆற்றை எல்லோருக்கும் பொதுவாக நடத்திவந்த முறை இது. நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் சாம்பலின் கேடு முழுதாகப் புரியும். பாடு வைத்து வலை கட்டும் ஓர் இடத்தில் சாம்பல் படிந்து தூர்ந்துபோனால் அந்த இடத்து மீனோடு நஷ்டம் முடிவதில்லை. முறையே குலைகிறது. பத்து இடத்தைப் பங்கிட்டவர்கள் ஐந்து இடத்தைப் பங்கிட வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்த குப்பங்களுக்கு நடுவே மனக்கசப்பு வருகிறது. இந்த நஷ்டத்துக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் இடம் கிடையாது.

தண்ணீரில் உட்கார்ந்தபடி எதையோ தேடும் பெண்களைப் பார்த்தோம். அவர்கள் என்ன செய்கிறார்கள்?

இறால் பிடிக்கிறார்கள், வெறும் கையால். பெரும்பாலும் இருளர் சமூகத்துப் பெண்கள். கழுத்தளவு, மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். விரலில் இறால் துள்ளினால் அப்படியே அமுக்கி எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். படகு வேண்டாம், வலை வேண்டாம், முதல் வேண்டாம். ஆற்றுச் சேற்றை விரல் நுனியால் படிக்கத் தெரிந்தால் போதும்.

அந்தச் சேற்றில்தான் சாம்பல் கலக்கிறது. எண்ணெய் படிகிறது. படகில் போகிறவனுக்குத் தண்ணீருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பலகையாவது இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. அரிப்பு, கையில் வெட்டு, புண் என்று அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. நிவாரணப் பட்டியல் எழுதும்போதும் படகு வைத்திருப்பவர் பெயர்தான் முதலில் எழுதப்படுகிறது.

சாம்பல் எப்படி ஆற்றுக்குள் வருகிறது? புகைபோக்கியிலிருந்தா?

காற்றில் வருவது ஒரு பங்கு. ஆற்றைக் கெடுத்தது பெரும்பாலும் குழாய் வழியாக வந்தது.

நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து கூழாக்கி, குழாயில் அழுத்தி, தொலைவில் இருக்கும் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குட்டை செப்பாக்கம் கிராமத்தை ஒட்டி இருக்கிறது. குழாய்கள் கொசஸ்தலை ஆற்றையும் அதன் சேற்று நிலத்தையும் கடந்து போகின்றன. பழைய இரும்புக் குழாய். சாம்பல் உரசி உரசி உள்ளே தேயும். எங்காவது விரிசல் விட்டால் சாம்பல் தண்ணீர் பீறிட்டு ஆற்றில் விழும். சிமென்ட் கரைத்து ஊற்றியது மாதிரி அடியில் போய்ப் படியும். ஆளுயரத் தண்ணீர் நின்ற இடங்களில் இப்போது முழங்காலளவுதான் என்று பெரியவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள். வற்றத்தில், அதாவது தண்ணீர் வடியும் நேரத்தில், படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மின்நிலையம் விடும் வெந்நீரும் இதே தண்ணீரில்தான் வந்து சேர்கிறது.

செப்பாக்கத்து மக்கள் வேறு இடம் கேட்டு நெடுங்காலமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் விரலால் கோடு போட்டால் கோடு தெரியும்.

இது மீனவர் பிரச்சினை மட்டும் என்று நினைக்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பித் திறந்துவிடும் தண்ணீர் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். மணலி, எண்ணூர், வடசென்னையின் பெரும் பகுதிக்கு வடிகால் இதுதான். ஆறு தூர்ந்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும்.

2017-லும் 2023-லும் எண்ணெய் கொட்டியது ஒரே இடத்திலிருந்தா?

இல்லை. இரண்டும் வேறு வேறு.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், மற்றொன்று எண்ணெய்க் கப்பல். பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கியபோது உண்மை தெரிந்தது. கரைக்கு வரும் ஆமைகள் செத்து ஒதுங்கின. மாணவர்கள், மீனவர்கள், தன்னார்வலர்கள் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். நாடே அந்த வாளிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

2023-ல் எண்ணெய் வந்தது கடல் பக்கமிருந்து அல்ல, ஊர்ப் பக்கமிருந்து. டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையில் கலந்து, முகத்துவாரம் வரை வந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் கருப்புக் கோடு. வலை, படகு, அலையாத்திச் செடி, கூழைக்கடாவின் இறகு, எல்லாவற்றிலும் எண்ணெய். இந்த முறையும் அள்ளியது குப்பத்து ஆட்கள்தான். படகில் உட்கார்ந்து மக்காலும் வாளியாலும் வழித்து டிரம்மில் ஊற்றினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வழக்கை எடுத்துக்கொண்டது. நிவாரணம் வந்தது. இறால் திரும்ப மாதங்கள் ஆயின.

அந்த டிசம்பர் அதோடு விடவில்லை. 26-ஆம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் கண்ணெரிச்சலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2004-ல் சுனாமி வந்ததும் அதே டிசம்பர் 26. மீனவர் வீட்டில் அந்தத் தேதி ஏற்கெனவே துக்க நாள். ஆலையை மூடச் சொல்லி மக்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பந்தலைக் கட்டிக் காத்தவர்களில் பெண்கள்தான் அதிகம். காலையில் மீன் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

"காக்கா ஆழி" என்கிறார்களே, அது என்ன?

தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வகைச் சிப்பி. கப்பல்கள் பாரம் சரிசெய்ய நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆற்றடியில் கருப்புக் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. அடியில் இருந்த மஞ்சள் மட்டி மூடிப்போனது. இறால் சேற்றுக்குள் இறங்க இடம் இல்லை. கையால் தடவிப் பிடிப்பவர்களின் விரலை ஓடு வெட்டுகிறது. முதலில் இதை அடையாளம் கண்டு சொன்னவர்கள் மீனவர்கள்தான்.

கடற்கரையில் ஏன் இவ்வளவு கல் கொட்டியிருக்கிறார்கள்?

கடல் ஊரைத் தின்னாமல் இருக்க. நம் கரையில் ஆண்டின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1881-ல் சென்னைத் துறைமுகம் அமைந்ததும் அதன் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. மெரினாவில் காற்று வாங்குகிறவர் காலடியில் இருப்பது எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணல். இன்று கட்டுமரமோ ஃபைபர் படகோ இழுத்து வைக்க, வலை காய வைக்க, கருவாடு உலர்த்தப் பல இடங்களில் கரையே இல்லை.

ஊரில் என்னென்ன விசேஷம்?

ஆடியில் அம்மனுக்குக் கூழ். தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டி, கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவார்கள். மாசி மகத்துக்குச் சாமிகள் கடலாட வரும். ஊரில் ஒரு சாவு என்றால் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த வெற்றிடத்திலும் பந்து உருளும். கேரம் போர்டு இல்லாத முக்கு கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் ஃபைபர் படகு மீனுக்கும் ஆற்று இறாலுக்கும் நல்ல விலை.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ வடசென்னை முழுக்கவே மாலைப் பலகாரம் ஆகிவிட்டது. எண்ணூரும் விலக்கல்ல.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்? வேறு இடத்துக்குப் போய்விடலாமே?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் குப்பங்கள் முதலில் இருந்தன. புகைபோக்கி பிறகு வந்தது. ஆலைக்குப் பக்கத்தில் போய் யாரும் குடியேறவில்லை.

போனவர்களும் உண்டு. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் கட்டிய குடியிருப்புக்குப் பல குடும்பங்கள் மாறின. கரையை விட்டுத் தள்ளிப்போனவர் விடியற்காலை மூன்று மணிக்குக் கடலின் நிறத்தையும் காற்றையும் பார்க்க எங்கே வருவார்? வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்த்துத்தான் படகு இறங்கும். படகை யார் காவல் காப்பது? மீன் கரைக்கு வரும் நேரம் ஏலத்துக்கு நிற்க வேண்டிய பெண் எப்படி வந்து சேருவாள்? மீனவருக்கு வீடு என்பது தொழிற்கூடமும் சேர்ந்தது. அத்திப்பட்டிலும் செப்பாக்கத்திலும் நிலைமை வேறு; அங்கே நல்ல இடம் கொடுத்தால் போகத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே பதிலை எல்லாக் குப்பத்துக்கும் பொருத்த வேண்டாம் என்பதுதான் கோரிக்கை.

பழைய மின்நிலையத்தைத்தான் மூடிவிட்டார்களே, காற்று சரியாகிவிட்டதா?

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. வடக்கே மற்ற நிலையங்கள் ஓடுகின்றன. வடசென்னையில் 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024-ல் தொடங்கியது. பழைய நிலையத்தின் இடத்திலேயே 660 மெகாவாட் புதிய அலகு கட்டும் திட்டத்துக்கு அதே ஆண்டு இறுதியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். மின்சாரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சென்னைக்கு வேண்டிய மின்சாரம், பெட்ரோல், உரம், நிலக்கரி எல்லாவற்றின் பாரத்தையும் ஒரே முகத்துவாரம் சுமந்தது போதும் என்கிறார்கள்.

நேரில் வந்து பார்க்க எப்படி வருவது?

சென்னை கடற்கரையிலிருந்தோ சென்ட்ரலிலிருந்தோ கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்கலாம். மெட்ரோவில் வந்தால் விம்கோ நகர் வரை வந்து பேருந்து பிடிக்க வேண்டும். சாலை வழியாக வந்தால் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள்; நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வெண்டார் பெட்டியில் அன்னக்கூடையோடு ஏறும் அம்மாக்கள்தான் இந்த ஊரின் வழிகாட்டிகள், மரியாதையாகக் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்.

முகத்துவாரத்துக்கு அதிகாலையில் வாருங்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன், குறிப்பாக ஆற்றில் இறங்கியிருக்கும் பெண்களிடம், ஒரு வார்த்தை கேளுங்கள். படகில் போக ஆசைப்பட்டால் தண்ணீர் ஏறும் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். வற்றத்தில் படகு சாம்பலில் தட்டும்.